பிறருக்குக் கைகொடுக்கும் கூடம்

அழுத்திச் சேமித்த காற்றைத் திறந்துவிட்டால் ஒலியைப்போல் நான்கு மடங்கு வேகம் வரை சீறிப் பாயும். நீடிப்பது சில விநாடிகள்தான். பெங்களூரில் உள்ள இந்தக் காற்றுச் சுரங்கத்தில்தான் 1960களின் இறுதியிலிருந்து இந்திய ராக்கெட்டுகள் மாதிரி வடிவில் பரீட்சை எழுதி வருகின்றன. எஸ்.எல்.வி.யும் எழுதியது, பி.எஸ்.எல்.வி.யும் எழுதியது.

சுரங்கத்தின் சொந்தக்காரர் என்.ஏ.எல். எனப்படும் தேசிய வான்வெளி ஆய்வுக்கூடம். 1959-ல் தொடங்கப்பட்ட இதற்குக் கூட்டுவேலை கைவந்த கலை. தேஜஸ் போர் விமானம் தானாக நிலைகொள்ளாத வடிவம் கொண்டது. நொடிக்கு நொடி கம்ப்யூட்டர் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கான கட்டுப்பாட்டு விதிகளை உருவாக்க 1992-ல் பல நிறுவனங்களின் வல்லுநர்கள் இங்கே ஒரே குழுவானார்கள். 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் சிக்கலின்றிப் பறந்து இறங்கியது. மூடுபனியில் ஓடுபாதை எவ்வளவு தூரம் தெரியும் என்று அளக்கும் 'திருஷ்டி' கருவியும் இந்தக் கூடத்தின் படைப்புதான். அதை விமான நிலையங்களுக்குக் கொண்டுசென்றது வானிலைத் துறையுடனான கூட்டு.

சொந்த விமானத்தின் கதை வேறு. 2004 மே 29 அன்று முதன்முதலாகப் பறந்தது 'சரஸ்' சிறு பயணி விமானம். 2009 மார்ச் 6 அன்று அதன் இரண்டாவது மாதிரி பெங்களூர் அருகே விழுந்து விமானப்படையினர் மூவர் பலியானார்கள். திருத்திய மாதிரி விண்ணேற 2018 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திறமைக் குறைவு காரணமல்ல. ராக்கெட்டுக்கு இஸ்ரோவும் தேஜஸுக்கு விமானப்படையும் காத்திருந்தன. சரஸுக்கு அப்படி முதல் நாளிலிருந்தே வாசலில் நின்றவர் யாருமில்லை. தயாரிப்பவரையும் வாங்குபவரையும் முதல் நாளே சேர்க்காவிட்டால், ஆய்வுக்கூடத்தின் விமானம் ஆய்வுக்கூடத்திலேயே நின்றுவிடும்.