உரிமம் இருக்கிறது, பணம் எங்கே?

"லைசென்ஸ் உள்ள தளம்தான், பயப்பட வேண்டாம்." ஆன்லைன் சூதாட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் விவரம் தெரிந்தவர்களே இப்படிச் சொல்லித் தைரியம் கொடுக்கிறார்கள். தளத்தின் அடியில் ஒரு முத்திரையும் ஒரு எண்ணும் இருந்தால் போட்ட பணம் பத்திரம் என்ற நினைப்பு ஊறிவிட்டது. உரிமம் என்பது நடத்துகிறவருக்கு அரசு தரும் தொழில் அனுமதி. ஆடுகிறவரின் பணத்துக்கு அது ஜாமீன் ஆகாது.

ஃபுல் டில்ட் போக்கர் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஆல்டர்னி தீவின் சூதாட்ட ஆணையம் அதற்கு உரிமம் கொடுத்திருந்தது. 2011 மார்ச் இறுதியில் அந்நிறுவனம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது ஏறத்தாழ 39 கோடி டாலர். வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி. அடுத்த மாதம் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்துத் தளத்தின் இணைய முகவரியை முடக்கியது. ஆல்டர்னி உரிமத்தை நிறுத்திவைத்தது ஜூன் கடைசியில். பணம் திரும்ப வழி பிறந்தது, போக்கர்ஸ்டார்ஸ் நிறுவனம் அமெரிக்க நீதித்துறையுடன் 2012இல் செய்துகொண்ட உடன்பாட்டால். அதில் உரிமத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

குட்டித் தீவின் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கண்டிப்புக்குப் பேர்போன பிரிட்டனிலும், வாடிக்கையாளர் பணத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு இருக்கிறது என்று நிறுவனம் அறிவித்தால் போதும். 'பாதுகாப்பு இல்லை' என்று அறிவிப்பதற்கும் விதியில் இடம் உண்டு. அப்படிப்பட்ட நிறுவனம் திவாலானால் உங்கள் இருப்பும் அதற்குக் கடன் கொடுத்த மற்றவர்களின் பங்கோடு கலந்துவிடும். 2023இல் அங்கே வில்லியம் ஹில் சூதாட்டக் குழுமம் விதிமீறல்களுக்காக 1.92 கோடி பவுண்டு கட்ட நேர்ந்தது. புதிதாகக் கணக்குத் தொடங்கிய ஒருவர் எந்த விசாரணையும் இல்லாமல் 20 நிமிடத்தில் 23,000 பவுண்டு செலவிட்டிருந்தார். அத்தனையும் உரிமத்தின் கீழ்தான் நடந்தது.

மால்டா இன்னும் ஒரு படி மேலே போனது. ஆஸ்திரிய உரிமம் இல்லாமல் நடந்த ஆட்டத்தில் தோற்ற தொகையைத் திருப்பித் தரும்படி மால்டா நிறுவனங்களுக்கு எதிராக ஆஸ்திரிய நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அத்தகைய தீர்ப்புகளை மால்டா நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று 2023இல் அந்நாடு சட்டமே இயற்றியது. உரிமம் தந்த அரசு யாருக்குக் குடை பிடித்தது?

ஒழுங்குமுறையே வீண் என்பது என் வாதம் அல்ல. கிரெடிட் கார்டில் சூதாடுவதை பிரிட்டன் 2020இல் தடுத்தது. தன்னைத் தானே விலக்கிக்கொள்ள விரும்புகிறவரை பிரிட்டனின் உரிமம் பெற்ற எல்லாத் தளங்களிலும் தடுக்கும் கேம்ஸ்டாப் திட்டத்தில் சேர்வதை அதே ஆண்டில் ஆன்லைன் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. ஸ்லாட் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு என்ற வரம்பு 2025இல்தான் வந்தது. அதற்கு முன்பும் அந்தத் தளங்கள் முறைப்படி உரிமம் பெற்றவைதான். அன்றைய முத்திரைக்கும் இன்றைய முத்திரைக்கும் பார்வையில் வேறுபாடு கிடையாது. மாறியது நிபந்தனை.

ஒன்றை இந்த நிபந்தனைகளும் மாற்றப்போவதில்லை. நேர்மையாகச் சுழலும் ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டிலும் 100 ரூபாய் கட்டினால் சராசரியாக 2.70 ரூபாய் ஆட்டத்தை நடத்துகிறவருக்கே போகும். ஆட்டம் நேர்மையானது என்று தளங்கள் காட்டும் ஆய்வகச் சான்றிதழ் உறுதிசெய்வதும் அந்தக் கணக்கைத்தான்.

ஆகவே 'லைசென்ஸ் இருக்கிறதா?' என்ற கேள்வி மட்டும் போதாது. என் பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா, தகராறு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம், அந்தத் தீர்ப்பை நிறைவேற்றுவது யார்? இம்மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத தளத்தின் முத்திரை வெறும் விளம்பரம்.