யோகா சரி, மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?

யோகாசனம் இதயத்துக்கு நல்லதா என்று கேட்டால், நல்லது என்றுதான் சொல்வேன். ஓய்வு பெற்ற மறு மாதம் தொடங்கி 11 வருடமாக நானும் செய்துவருகிறேன். ஆனால் ‘யோகா செய்தால் அடைப்பு கரைந்துவிடும், மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எங்கள் தெருவில் ஒருவர், என்னைவிட நாலு வயது சின்னவர். காலையில் ஒரு மணி நேரம் ஆசனமும் பிராணாயாமமும் தவறாது. மூன்று மாதத்தில் பி.பி. 150லிருந்து 130க்கு இறங்கியது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். பி.பி. ஏறினால் பெரும்பாலும் வலியும் தெரியாது, காய்ச்சல் போல உடம்பும் சுடாது. ஒருநாள் விடியற்காலையில் வலது கையைத் தூக்க முடியவில்லை. பக்கவாதம். இப்போது சட்டைப் பொத்தானை அவர் மனைவிதான் போட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த 130 மாத்திரையும் யோகாவும் சேர்ந்து வாங்கித் தந்த எண். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

யோகா என்ன செய்கிறது? மூச்சை மெதுவாக, ஆழமாக விடும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் ஓட்டத்தைக் கொஞ்சம் தணிக்கிறது. படபடப்பு அடங்குகிறது, தூக்கம் நன்றாக வருகிறது. பி.பி.யும் சில புள்ளிகள் குறையலாம். நம் வயதில் இதுவே பெரிய லாபம்.

இதை நம் நாட்டிலேயே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ‘யோகா-கேர்’ என்ற ஆய்வு. 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்து பிழைத்த 3,959 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு 12 வாரத்தில் 13 யோகா வகுப்புகள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சையும் ஆலோசனையும். 2020இல் முடிவு வெளியானது. மரணம், மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை யோகா பிரிவில் 6.7 சதவீதம், மற்றதில் 7.4 சதவீதம். உறுதியாக வித்தியாசம் என்று சொல்ல இது போதாது. ஆனால் யோகா செய்தவர்கள் உடம்பு தெம்பாக இருப்பதாகச் சொன்னார்கள், பழைய வேலைகளுக்கும் மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பினார்கள். கவனியுங்கள், யோகா செய்தவர்கள் யாரையும் மருந்தை விடச் சொல்லவில்லை.

‘அடைப்பு கரையும்’ என்பவர்கள் அமெரிக்க டாக்டர் டீன் ஆர்னிஷைக் காட்டுவார்கள். அவருடைய குரு, கோவை அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் என்பதில் நமக்கும் பெருமைதான். 1990இல் வந்த அவருடைய ஆய்வில், கொழுப்பு குறைக்கும் மாத்திரை இல்லாமலே ஓராண்டில் அடைப்பு சராசரியாக 40 சதவீதத்திலிருந்து 37.8க்கு வந்தது உண்மை. ஆனால் அங்கே யோகா மட்டுமா இருந்தது? எண்ணெய் ஏறக்குறைய இல்லாத சைவச் சாப்பாடு, உடற்பயிற்சி, புகையை விடுதல், எல்லாமே டாக்டர் கண்காணிப்பில். ஆய்வில் இருந்ததும் ஐம்பது பேருக்குள்தான். நெய் ரோஸ்ட்டும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடம் பிராணாயாமம் செய்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்துமா?

ஆகவே என் கருத்து இதுதான். யோகாவை விடாதீர்கள். கூடவே அரை மணி நேரம் வேகமாக நடங்கள், ஏனென்றால் மெதுவான ஆசனங்கள் இதயத்துக்கு அந்த வேலையைக் கொடுப்பதில்லை. பி.பி. அதிகம் உள்ளவர்கள் சிரசாசனமும், கபாலபாதியும், மூச்சை அடக்கிப் பிடிக்கும் கும்பகமும் வேண்டாம். ஸ்டென்ட் வைத்திருந்தால் யோகா ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். இதய மாத்திரைகளில் சில, திடீரென்று நிறுத்தினால் மாரடைப்பில்கூடக் கொண்டுபோய் விடும்.

யோகாவால் பி.பி. குறைந்திருந்தால் சந்தோஷம். தினமும் பார்த்த அளவை ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைக்க வேண்டுமானால் அவர் குறைக்கட்டும்.