இபிக்காரனைத் திருப்பி அனுப்பினால்?

"இந்த இபிக்காரனுங்க எல்லாரையும் ஊருக்கு அனுப்பணும்." தேக்கா உணவங்காடியில் இப்படிச் சொன்னவர் நம்ம ஆளுதான். இங்கேயே பிறந்து, தேசிய சேவை முடித்த தமிழர்.

அவர் கோபத்தை இனவெறி என்று ஒதுக்க மாட்டேன். மேலாளர் தன் ஊர்க்காரரையே வேலைக்கு எடுப்பதைப் பார்த்தவருக்கு வலிக்கத்தான் செய்யும். 2021 செப்டம்பரில் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானமும் இந்த வலியைத்தான் பேசியது.

ஆனால் அந்தப் பேச்சில் அடிபட்ட 'சீக்கா', அதாவது இந்தியாவுடனான 2005 வணிக ஒப்பந்தம், இணையத்தில் ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. அதைக் குடிமக்களான நம்ம மேலும்தான் வீசுகிறார்கள். அதே ஆண்டு மே மாதம் சுவா சூ காங்கில் வேக நடை போன இந்தியப் பெண்ணை இனத்தைச் சொல்லித் திட்டி, நெஞ்சில் உதைத்தார்கள். அவர் சிங்கப்பூரர். உதைக்கிறவன் பிங்க் ஐசியைக் காட்டச் சொல்வதில்லை.

கதவு திறந்தே கிடக்கிறது என்பதும் பொய். இபிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியிலிருந்து 5,600 வெள்ளி. காம்பஸ் முறையில் 40 புள்ளி எடுக்கணும். நிறுவனத்தின் அலுவலர்களில் கால்வாசிப் பேர் அவர் நாட்டுக்காரர்கள் என்றால் அந்தப் பிரிவில் பூஜ்யம்.

பிறகு எது நம் சம்பளத்தை அமுக்குகிறது? பாஸ் முதலாளியின் கையில் இருப்பது. வேலை போனால் பாஸும் போகும், சில வாரத்தில் குடும்பத்தோடு மூட்டை கட்டணும். அந்தப் பயத்தில் இருப்பவர் கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்பாரா? வாய் திறக்காத ஆள் பக்கத்து நாற்காலியில் இருக்கும்வரை நம் பேரம் எடுபடாது. பெர்மிட்டில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளியின் நிலை இதைவிட மோசம்.

இன்னொன்றும் யோசியுங்கள். அமெரிக்காவுடனான ஒப்பந்தத்தால் சிங்கப்பூரர்களுக்கென்று ஆண்டுக்கு 5,400 எச்-1பி1 விசா ஒதுக்கீடு இருக்கு. நாம் அங்கே போனால் திறமை, அவர் இங்கே வந்தால் படையெடுப்பா?

கத்த வேண்டியதற்குக் கத்துவோம். வேலை மாறும் உரிமை பாஸ் வைத்திருப்பவருக்கே வேண்டும். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தந்த விலக்கு போகணும். ஊர்க்காரரை மட்டும் எடுக்கும் மேலாளர் தண்டிக்கப்படணும். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும்.

தேக்கா அண்ணனுக்கு ஒன்றுதான் சொல்வேன். இபிக்காரன் எல்லாரும் போன மறுநாளும் உங்கள் முகம் இதே முகம்தான், அண்ணே.