ஆடுகளத்திற்கு ஓர் உழைச்செல்வான்

மருத்துவம் என்பது மருத்துவரும் மருந்தும் மட்டுமன்று என்பதைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்பன அவை. இந்நான்காமவரை வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்கிறார். மருத்துவமனையில் அப்பணியைச் செவிலியர் செய்கின்றனர். ஆடுகளத்தில் அதைச் செய்பவர் யார்? நம் கல்லூரிகள் இவ்வினாவை எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே நம் கருத்து.

காரைக்கால் மாவட்டத்தில் நெடுங்காட்டை அடுத்துள்ள குரும்பகரத்தை எடுத்துக்கொள்வோம். காவிரியின் கடைமடையில், நெல்வயல்கள் சூழ்ந்த சிற்றூர் அது. இத்தகைய ஊர்களில் அறுவடை முடிந்த வயலும் பள்ளித் திடலுமே இளைஞர்களின் ஆடுகளம். போட்டி நடத்துவோர் பரிசுக் கோப்பைக்கும் ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குக்கும் நன்கொடை திரட்டுகின்றனர். முதலுதவிப் பெட்டி ஒன்று மேடையோரம் இருந்தால் அதுவே பெரிது. அதைத் திறந்து பயன்படுத்தத் தெரிந்தவர் உண்டா என்று எவரும் வினவுவதில்லை. கால் பிசகி விழுந்தவரை நால்வர் தூக்குகின்றனர். ஒருவர் காலை இழுத்து நீவுகிறார். மற்றொருவர் வாயில் தண்ணீர் புகட்டுகிறார். நல்லெண்ணத்திற்குக் குறைவில்லை, பயிற்சிக்கே குறை.

இக்குறையைச் சிறிதென்று ஒதுக்க இயலாது. 2022 ஜூலையில் பண்ருட்டியை அடுத்த மானடிக்குப்பத்தில் கபடி ஆட்டத்தின் நடுவே விழுந்த கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில், மூட்டுத் தசைநார் காயத்திற்கு அறுவைச் சிகிச்சை பெற்ற சென்னைக் கால்பந்து வீராங்கனை ஒருவர், முதலில் காலையும் பின்னர் உயிரையும் இழந்தார். சிகிச்சைக்குப்பின் இடப்பட்ட அழுத்தக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டது என்று அரசின் சார்பில் தெரிவிக்கப்பட்டது. அவரும் கல்லூரி மாணவியே. கட்டுப் போட்ட பின் வலி தணியாமல் மேலும் மிகுந்தால், விரல்கள் மரத்துக் குளிர்ந்து நிறம் மாறினால், அது பேராபத்தின் அறிகுறி. நொடியும் தாழ்த்தாது மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த ஒரு செய்தியை ஆடும் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் அறிந்திருக்கின்றனரா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அருகில் தக்கவர் இருந்தால் நிகழ்வதற்கும் சான்று உண்டு. 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அந்நாட்டுக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் மார்பில் மோதுண்டு, இதயத்துடிப்பு நின்று விழுந்தார். அவர் அணியின் துணைக் களப் பராமரிப்பாளர் டென்னி கெல்லிங்டன் உடனே ஓடிவந்து மார்பை அழுத்தி உயிர்ப்பித்தார். மின்னதிர்ச்சிக் கருவியும் பயன்படுத்தப்பட்டது. ஹாம்லின் பிழைத்ததோடு, அதே ஆண்டில் மீண்டும் களமிறங்கினார். நின்ற இதயத்திற்கு மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. காரைக்கால் நகரிலிருந்து ஊர்தி வந்து சேரும்வரை குரும்பகரத்து இளைஞனின் இதயம் காத்திருக்குமா?

அங்கே ‘அத்லெடிக் டிரெய்னர்’ எனப்படும் இப்பராமரிப்பாளர், ஆட்டம் கற்பிக்கும் பயிற்சியாளர் அல்லர். காயம் வராமல் தடுத்தல், வந்தால் இனங்காணல், முதலுதவி அளித்தல், மீண்டும் களத்திற்குத் திரும்பும்வரை உடலைப் படிப்படியாகத் தேற்றுதல் ஆகியன இவர்தம் பணி. 1950இல் இவர்களுக்கென அங்கே தேசியச் சங்கம் தோன்றியது. 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை மருத்துவம் சார் தொழிலாக ஏற்றது. இன்று அந்நாட்டில் முதுகலைப் பட்டமே இதற்கு நுழைவாயில்.

அடிபட்டால் பனிக்கட்டி வைக்கத் தெரியாதா, இதற்கொரு படிப்பா என்று சிலர் கேட்கலாம். ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நால்வகை முறையை 1978இல் பரப்பிய மருத்துவர் கேப் மிர்க்கினே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் எழுதினார். அறிவு வளர்ந்துகொண்டே இருக்கிறது. வளரும் அறிவைக் கேள்விஞானத்தால் மட்டும் பெற இயலாது.

ஆட்டமும் ஆற்றுதலும் ஒருவரிடமே பயிலப்படுவது நமக்குப் புதிதன்று. குமரிப் பகுதி ஆசான்மார் அடிமுறையைக் கற்பித்தபோதே வர்ம மருத்துவத்தையும் கற்பித்தனர். தாக்கத் தெரிந்தவன் தேற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அம்மரபின் அறம். நம் காலக் கல்வியில் இவ்விரண்டும் பிரிந்து நிற்கின்றன.

நிறுவனங்கள் நம்மிடம் இல்லாமலில்லை. சென்னையில் 1920இல் தோன்றிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, 1961இல் உருவான பட்டியாலா தேசிய விளையாட்டுக் கழகம், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் 2010இல் திறக்கப்பட்ட விளையாட்டுக் காய மையம் ஆகியன நமக்குப் பெருமை சேர்ப்பன. இயன்முறை மருத்துவப் பட்டம் பெற்றோர் விளையாட்டுத் துறையில் மேற்படிப்பும் படிக்கலாம். ஆயினும் இவற்றின் பயன் பெரிதும் பெருநகரங்களையும் தேர்ந்த வீரர்களையுமே சேர்கிறது. வயல்வெளியில் ஆடுபவனுக்கு அது எட்ட வேண்டுமாயின், கலை அறிவியல் கல்லூரிகளே பாலமாக அமைதல் வேண்டும்.

அதற்கு நாம் மூன்று வழிகளை முன்வைக்கிறோம். முதலாவதாக, எத்துறை மாணவரும் பயிலத்தக்க ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பை உடற்கல்வித் துறையும் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியும் இணைந்து நடத்தலாம். 2016 முதல் காரைக்காலில் ஜிப்மர் கிளை இயங்குவது இப்பகுதிக்கு வாய்த்த நல்வாய்ப்பு. இரண்டாவதாக, மாணவியரை இப்படிப்பில் பெருமளவில் சேர்த்தல் வேண்டும். முழங்கால் தசைநார் கிழிதல் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக நேர்கிறது. நாணத்தாலும் வீட்டாரின் தயக்கத்தாலும் வலியை மறைத்து ஆடும் பெண்பிள்ளை, மற்றொரு பெண்ணிடம்தான் மனம்விட்டுச் சொல்வாள். மூன்றாவது கடமை தமிழ்த் துறையினராகிய நம்முடையது. சுளுக்கு, பிசகு, பிடிப்பு, இரத்தக்கட்டு என மக்கள் வழக்கில் சொற்கள் நிறைந்துள்ளன. இவற்றின் பொருளை வரையறுத்து, எளிய தமிழில் கையேடு எழுதித் தருதல் நம்மால் இயலாததன்று.

இப்படிப்பால் உடனே வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. சான்றிதழ் மட்டுமே வாழ்வூதியம் ஆகிவிடாது என்பதையும் நாம் மறைக்கவில்லை. இது மருத்துவருக்கு மாற்றும் அன்று. ஆனால் உடற்கல்விக்கும் இயன்முறை மருத்துவத்திற்கும் செல்ல விரும்புவோர்க்கு இது முதற்படி. ஏனையோர்க்கோ, தம் ஊர்த் திடலில் ஓர் உயிரைக் காக்கும் தகுதி. பட்டம் பெற்று ஊர் திரும்பும் மாணவர்களுள் ஊருக்கு ஒருவர் இத்தகுதியோடு திரும்பினால், வள்ளுவர் வகுத்த நான்காம் இடம் நம் ஆடுகளங்களில் வெறுமையாய்க் கிடக்காது.