3.73 போதும், மாப்பிள்ளை



அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன், 2015 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருக்கிறான். ஆறு கியர், கையால் போடுவது. பின் ஆக்சில் விகிதம் 3.31. "மாமா, ஃபிரண்ட்ஸ் எல்லாரும் 4.10 போடச் சொல்றாங்க. பிக்கப் பிச்சுக்கிட்டுப் போகுமாம்" என்றான் போனில். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் இது நான் வகுப்பில் நடத்திய விகிதக் கணக்குத்தானே! அதனால் சொல்கிறேன்.

3.31 என்றால், பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.31 சுற்றுச் சுற்ற வேண்டும். எண் கூடினால் இழுவை கூடும். ஆனால் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்றும். கியர் சைக்கிளில் மேடு ஏறியவர்களுக்கு இது காலிலேயே தெரியும்.

"ஏன் மாமா, 4 என்று முழு எண்ணாக வைக்கக் கூடாதா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் இருந்தால் 3.73. இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும், தேய்மானம் சமமாகும். 40க்கு 10 என்றால் அதே பற்களே திரும்பத் திரும்ப உரசும். "பகா எண் எதுக்கு சார்?" என்று கேட்ட பிள்ளைகளே, இதற்குத்தான்!

இனி கணக்கு. அவன் டயரின் உயரம் 27 அங்குலம். ஆறாவது கியர் 0.65. மணிக்கு 70 மைலில் இன்ஜின் நிமிடத்துக்கு 3.31இல் சுமார் 1,870 சுற்று, 3.73இல் 2,110, 4.10இல் 2,320. கடைசி கியர் 1:1 ஆக இருந்த பழைய கார்களில் 4.10 போட்டால் 3,570 வரும். அந்த இரைச்சல் இதில் இல்லை. ஆகவே நெடுஞ்சாலைக்காக 4.10ஐ நான் மறுக்கவில்லை.

சிக்கல் முதல் கியரில். அது 3.66. 3.31ஆல் பெருக்கினால் 12. 4.10ஆல் பெருக்கினால் 15. இன்ஜினின் முறுக்குவிசை பதினைந்து மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. சாலை டயர் அதைத் தாங்கினால்தானே வண்டி முன்னே பாயும்? தாங்காவிட்டால் சக்கரம் அங்கேயே சுழன்று புகைதான் வரும். மழை ஈரத்தில் வண்டியின் பின்பக்கம் விலகியும் போகும். போதாததற்கு 7,000 சுற்றுக்குப் போனாலும் மணிக்கு 37 மைலில் முதல் கியர் தீர்ந்துவிடும்; 3.31இல் 46 மைல் வரை வரும்.

ஆகவே என் கருத்து இது: பந்தயத் தளத்துக்கென்றே வைத்திருக்கும் வண்டிக்கு 4.10 சரி. தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு 3.73 போதும். அந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த விகிதங்களில் அதுவும் ஒன்று. மாற்றுவதானால் கிரவுன் பினியன் இடைவெளி பார்த்துப் பொருத்தத் தெரிந்தவரிடமே கொடு. தவறினால் ஆக்சில் ஊளையிடும். அதற்கும் முன்னால் நல்ல டயர் வாங்கு.

அடுத்தவன் சொன்ன எண்ணை வாங்காதே, மாப்பிள்ளை. உன் டயர், உன் கியர், நீ போகும் சாலை மூன்றையும் வைத்து நீயே பெருக்கிப் பார்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்கள், தவறிருந்தால் கீழே திருத்துங்கள். இந்த வயதில் உங்களிடம் பாடம் கேட்பதில் எனக்கு மகிழ்ச்சியே.