வீட்டில் இருக்கும் போத்தல் யாருடையது? கஞ்சா வழக்குகளில் சட்டம் கேட்கும் கேள்வி

அறுவடை செய்த கஞ்சாவைப் பக்குவப்படுத்த எந்தப் போத்தல் நல்லது என்பது ஜெர்மனியில் இன்று ஒளிவு மறைவில்லாமல் பேசப்படும் விஷயம். 2024 ஏப்ரல் 1 முதல் அங்கு வசிக்கும் பெரியவர் ஒருவர் வீட்டில் 3 செடி வரை வளர்க்கலாம். காய்ந்த கஞ்சா 50 கிராம் வரை வைத்திருக்கலாம். காயவைத்த மொட்டுகளைக் காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில் அடைத்து, வெளிச்சம் படாத இடத்தில் சில வாரங்கள் வைப்பார்கள். தொடக்கத்தில் தினமும் மூடியைத் திறந்துவிட வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். ஊறுகாய் ஜாடிக்கு நம் பாட்டிமார் பார்க்கும் பக்குவத்திலிருந்து இது அதிகம் வேறுபட்டதல்ல.

அங்கும் போத்தல் முழுச் சுதந்திரமாக இல்லை. 3 செடியும் நன்றாக விளைந்தால் 50 கிராமைத் தாண்டுவது எளிது, தாண்டியது சட்டவிரோதம். பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி வைப்பதும் சட்டக் கடமை.

இத்தகைய செய்முறை வீடியோக்கள் இங்குள்ள இளையோரின் கைப்பேசியிலும் வருகின்றன. எந்த நாட்டுச் சட்டத்தை நம்பி அந்தப் போத்தல் மூடப்படுகிறது என்பதை வீடியோ சொல்வதில்லை. போதாக்குறைக்கு, தாய்லாந்து எல்லைக்கு அப்பால்தான் இருக்கிறது. 2022 ஜூன் 9 அன்று அந்நாடு கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. வீட்டில் வளர்ப்பவர்கள் கைப்பேசிச் செயலியில் பதிந்தால் போதும் என்றானது. மூன்றே ஆண்டில், 2025 ஜூன் இறுதியில், கஞ்சாப் பூவை வாங்க மருத்துவச் சான்று வேண்டும் என்று அரசு மாற்றிவிட்டது. "தாய்லாந்திலேயே விட்டுவிட்டார்கள்" என்ற பேச்சு மட்டும் இங்கு இன்னும் ஓயவில்லை.

மலேசியாவில் 1952 ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் செடியின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. 6பி பிரிவின்கீழ் ஒரு செடி வளர்த்தாலும் ஆயுள் தண்டனை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. வைத்திருந்தால் எடை பேசும். ஜெர்மனி வீட்டில் அனுமதிக்கும் அதே 50 கிராம், இங்கு 39ஏ(2) பிரிவின் வாசற்படி. ஆயுள் தண்டனை அல்லது 5 ஆண்டுக்குக் குறையாத சிறை, அதனுடன் குறைந்தது 10 பிரம்படி. 200 கிராம் ஆகிவிட்டால் கடத்தல் என்று அனுமானிக்கப்படும். கடத்தலுக்குக் கட்டாயத் தூக்கு இப்போது இல்லை. ஆனாலும் தூக்கு விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இருக்கிறது.

தண்டனை கடுமை என்பது பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் மாட்டிக்கொள்ள வைப்பது அதே சட்டத்தின் 37(டி) பிரிவு. போதைப்பொருள் உள்ள "எதுவாக இருந்தாலும்" அது ஒருவரின் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ இருந்தால், உள்ளே இருக்கும் பொருளையும் அவரே வைத்திருந்தார், அது என்னவென்றும் அவருக்குத் தெரியும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். தீபாவளிப் பலகாரம் போடும் போத்தலாக இருந்தாலும், பழைய மைலோ டின்னாக இருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

தோட்ட வீடுகளையும் மலிவு விலை அடுக்குமாடிகளையும் இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். ஓர் அலமாரியை அண்ணனும் தம்பியும் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் அவை. நண்பன் "ரெண்டு நாள் இருக்கட்டும்டா" என்று ஒரு பையைக் கொடுத்தால் பிரித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் நாம். "நான் திறந்தே பார்க்கவில்லை" என்பது உண்மையாகவே இருக்கலாம். சொன்னால் மட்டும் நீதிமன்றம் நம்பிவிடாது. கொடுத்தவர் யார், அவரை எங்கே தேடுவது, ஏன் சந்தேகம் வரவில்லை என்பதற்கெல்லாம் பதிலும் ஆதாரமும் வேண்டும்.

முன்பு நிலைமை இன்னும் மோசம். வைத்திருந்தார் என்பதை ஓர் அனுமானத்தால் நிறுவி, அதன் மேல் கடத்தினார் என்ற இன்னோர் அனுமானத்தையும் ஏற்ற 37ஏ பிரிவு இடம் கொடுத்தது. 2019 ஏப்ரலில், அல்மா நூடோ அதென்சா வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளுபடி செய்தது. அது பெரிய ஆறுதல். ஆனால் போத்தலைப் பற்றிய முதல் அனுமானம் அப்படியே நிற்கிறது.

ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அங்கு போத்தல் மட்டுமல்ல, சாவியும் பேசும். போதைப்பொருள் உள்ள பெட்டியின் சாவியோ அறையின் சாவியோ ஒருவரிடம் இருந்தாலே பொருள் அவருடையது என்று அனுமானிக்க 18 ஆவது பிரிவு வழிசெய்கிறது. நான்கு பேர் சேர்ந்து எடுத்த வாடகை அறைக்கு நான்கு சாவி இருக்கும். 15 கிராமுக்கு மேல் இருந்தால் கடத்தல் அனுமானம் வரும். 500 கிராமைத் தாண்டிய கடத்தலுக்கு மரண தண்டனை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஹாட்யாயில் புகைத்துவிட்டுத் திரும்பினாலும், அது சிங்கப்பூரில் புகைத்ததற்குச் சமம்.

மலேசியாவில் கைது செய்யப்படுபவர், வாக்குமூலம் கொடுக்கும் முன் குடும்பத்தாரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. தம்பியைக் காப்பாற்றுவதாக நினைத்து "அது என்னுடையதுதான்" என்று பதற்றத்தில் ஒரு அக்காவோ அம்மாவோ சொல்லிவிட்டால், பிறகு அந்தப் போத்தலை அவர்கள் கையிலிருந்து பிரிப்பது வழக்கறிஞருக்கும் எளிதல்ல.