பெல்ட்டை எங்கே இறுக்குவது?

பூநகரி என்றதும் மொட்டைக்கறுப்பன் அரிசியை நினைப்போர் பலர். நமக்கோ நெல் குற்றும் ஆலையின் நீண்ட பெல்ட்டும் உடன் நினைவுக்கு வரும். பெல்ட் வழுக்கினால் அதன் உட்புறத்தில் குங்கிலியம் தடவுவது அந்நாளைய வழக்கம். அவ்வைத்தியம் இன்றைய பல்லுள்ள பெல்ட்டுக்கு ஆகாது.

இதைச் சொல்ல நேர்ந்த காரணம், சென்ற வாரம் நம்மிடம் வந்த ஊர் மாணவர் ஒருவர். போட்டிக்கென அவரும் தோழர்களும் செய்த ரோபோ முன்னோக்கி நன்றாகவே ஓடியது. பின்னோக்கிச் செலுத்தியதும் பெல்ட் கடகடவென்று பல் தாண்டிற்று. இறுக்கு கப்பிக்கு வலிய சுருள்வில்லை மாட்டியதில் ஒரு மோட்டார் சூடேறிக் கருகியும் விட்டது. மற்றொன்றுக்கு வீட்டிலே பணம் கேட்க அவருக்கு வாயெழவில்லை. “இன்னும் இறுக்கட்டுமா, ஐயா?” என்றார். “வேண்டாம், தம்பி” என்றோம்.

பெல்ட் ஓடும்போது ஒரு பக்கம் விறைத்து இழுக்கும். மறுபக்கம் தளர்ந்து திரும்பும். இறுக்கு கப்பிக்குரிய இடம் தளர்ந்த பக்கமே. நம் வயல்களில் ஓடும் இரு சில்லு உழவு இயந்திரத்தைப் பாருங்கள். அது பின்னே நகரும்போதும் எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் திசை மாறுவதில்லை. திசையை மாற்றுவது கியர்ப்பெட்டி. ரோபோவிலோ மோட்டாரே எதிர்ப்புறம் சுழல்கிறது. உடனே தளர்ந்த பக்கம் விறைக்கிறது, வில்லைத் தள்ளிவிடுகிறது. தளர்வு முழுவதும் மறுபக்கம் போய்ச் சேர, பற்கள் தாண்டுகின்றன. வில் எத்துணை வலியதாயினும் மோட்டார் அதை வென்றுவிடும். அல்லது தானே வெந்துவிடும்.

பல்லுள்ள பெல்ட் 1940களில் தையல் இயந்திரத்துக்கென உருவானது. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரின் எஞ்சினுள்ளும் புகுந்தது. அது எளிதில் நீளாது. ஆதலால் கப்பிகளின் நடுத்தூரம் சரியாயிருப்பின் இறுக்கு கப்பியே வேண்டியதில்லை.

கணக்கு எளிது. மாணவரின் பெல்ட்டில் 5 மி.மீ. இடைவெளியுள்ள 100 பற்கள். ஆக நீளம் 500 மி.மீ. இரு கப்பிகளுக்கும் 24 பற்கள் வீதம். ஒவ்வொன்றையும் பெல்ட் பாதியளவே சுற்றுவதால், இரண்டுக்குமாகச் செலவாவது 120 மி.மீ. மீதி 380இல் பாதி, 190 மி.மீ., நடுத்தூரம். (கப்பிகள் சமமாயிராவிடில் கணக்குச் சற்று நீளும்; சிறிய கப்பியில் ஆறு பற்களேனும் பெல்ட்டைக் கவ்வியிருத்தல் நன்று.)

அவர் துளையிட்ட தூரத்தை அளந்தோம். 187 மி.மீ.!

உழவு இயந்திரத்தின் பெல்ட் தளர்ந்தால் எஞ்சினை அதன் மேடையில் நகர்த்தி இறுக்குவதை அவர் வீட்டிலேயே கண்டவர்தாம். அவ்வண்ணமே மோட்டார் துளைகளை அரத்தால் நீளவாக்கில் அராவி, 3 மி.மீ. தள்ளிப் பூட்டினோம். ரோபோ முன்னும் பின்னும் பத்து முறை ஓடியது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தோம், இளஞ்சூடுதான். மிஞ்சிய சுருள்வில்லைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் என்று கூறி அவர் புறப்பட்டார்.